காய்ந்த பிரெட்டிலிருந்து நூலும் தோலும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கு இணங்க இங்கே வெளியிடப்படுகிறது. கேள்வி-பதில் பகுதியும் சேர்க்கப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "சார், ஃபிக்ஸட் டெபாசிட், வருமான வரியெல்லாம் போன தடவை ஆயிடுச்சு. வேற ஏதாவது சொல்லுங்க" என்றார். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில், எழுத்தராக. அறிவியல் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனாலும் இன்று ஓர் அறிவியல் ஆராய்ச்சியைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அடுத்த மாதப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் ஓட்டுக்கு வருகிறது. ஈரக்குப்பையைத் தனியாகப் பிரித்து, பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் உரத்தொட்டியில் போடுவதைத் தொடர்வதா, அல்லது எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுவதா என்பதுதான் கேள்வி. ஓட்டுப் போடுவதற்கு முன் இந்த விஷயம் நம் காதில் விழுந்திருக்கட்டும் என்று நினைத்தேன்.

முதலில் எனக்குத் தெரிந்த பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பி.காம். படித்தவர்களுக்கு காஸ்ட் அக்கவுண்டிங் நினைவிருக்கும். அதில் மூன்று சொற்கள் வரும். ஒன்று வேஸ்ட். அதற்கு விலையே கிடையாது. அப்புறப்படுத்த நாம்தான் காசு கொடுக்க வேண்டும். இரண்டாவது ஸ்கிராப். பழைய பேப்பர்க்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வது போல, கொஞ்சம் காசு வரும். மூன்றாவது பை-பிராடக்ட், அதாவது துணைப் பொருள். எண்ணெய் ஆட்டும்போது வரும் பிண்ணாக்கு, நெல் அரைக்கும்போது வரும் தவிடு, சர்க்கரை ஆலையில் வரும் மொலாசஸ் இவையெல்லாம் இந்த வகை. இவற்றுக்குச் சந்தையில் விலை உண்டு. அந்த வரவை முக்கியப் பொருளின் அடக்க விலையிலிருந்து கழித்துக் காட்டுவோம்.

இதில் ஒரு பொருள் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பது நிரந்தரம் இல்லை. நேற்று வேஸ்ட் என்று எழுதியதை இன்று துணைப் பொருள் என்று மாற்றி எழுத முடியும். அதற்கு யாராவது ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

அவர் பெயர் அக்ரம் ஜமானி. ஸ்வீடன் நாட்டில் பூரோஸ் என்ற ஊரில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். அந்த ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1621-இல் உருவான ஊர். பிற்காலத்தில் ஸ்வீடனின் ஜவுளித் தலைநகராக இருந்தது. நம் கோயம்புத்தூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960-களுக்குப் பிறகு வெளிநாட்டு இறக்குமதித் துணியோடு போட்டி போட முடியாமல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஆனால் நூல், துணி பற்றிய அறிவு ஊரை விட்டுப் போகவில்லை. நாட்டின் ஜவுளிக் கல்லூரி அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. கழிவிலிருந்து பொருளை மீட்டெடுக்கும் ஆராய்ச்சிக்கும் அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. ஜவுளியும் கழிவும் ஒரே வளாகத்தில் இருந்ததால் இந்த ஆராய்ச்சி அங்கே பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட மூலப்பொருள், விற்காமல் போன பிரெட். நம்மூரில் சோறு எப்படியோ அங்கே பிரெட் அப்படி. கடை அலமாரி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், அன்றன்று புதிதாகவும் இருக்க வேண்டும். விற்காததைப் பேக்கரியே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. நஷ்டம் தன்னுடையது இல்லை என்றால் கடைக்காரர் ஆர்டரைக் குறைத்துக் கொடுப்பாரா? 2019-இல் அதே பல்கலைக்கழகத்தார் போட்ட கணக்குப்படி, ஸ்வீடனில் ஆண்டுக்குச் சுமார் 80,000 டன் பிரெட் வீணாகிறது. தலைக்கு 8 கிலோ. திரும்பி வருவதில் ஒரு பகுதி மாட்டுத் தீவனத்துக்கும், எரிபொருளாகப் பயன்படும் எத்தனால் தயாரிக்கவும் போகிறது. இதைவிட மேலான விலைக்கு இதை மாற்ற முடியுமா என்பதுதான் ஜமானி குழுவினரின் கேள்வி.

அவர்கள் செய்ததை நம் சமையலறை பாஷையில் சொல்கிறேன். இட்லி மாவை அரைத்து வைக்கிறோம். இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் அதில் வேலை செய்து, வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கின்றன. அதுதான் புளித்தல். இவர்கள் பிரெட்டைக் காய வைத்துத் தூளாக்கி, தண்ணீரில் கலந்து, ஒரு பெரிய கலனில் விடுகிறார்கள். அடியிலிருந்து காற்றைச் செலுத்துகிறார்கள். அதில் ரைசோபஸ் டெலிமர் என்ற பூஞ்சையின் வித்துக்களைச் சேர்க்கிறார்கள். பழைய பிரெட்டில் சாம்பல் நிறத்தில் பூசணம் பூக்கிறதே, அந்த வகையறாவைச் சேர்ந்ததுதான் இது. இந்தோனேசியாவில் சோயாவைப் புளிக்க வைத்து டெம்பே என்ற உணவைச் செய்வதும் இந்த ரைசோபஸ் குடும்பத்துப் பூஞ்சைதான்.

பூஞ்சைக்கு வாய் கிடையாது. அது நொதிகளை வெளியே விட்டு, பிரெட்டில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்து, பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டே நாளில் கலன் முழுவதும் மெல்லிய இழைகளாக வளர்ந்துவிடுகிறது. பூஞ்சையைத் தட்டில் படரவிட்டு வளர்க்கும் மற்ற முறைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். இங்கே இரண்டு நாள். வட்டி கணக்குப் பார்த்தவனுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சரக்கு முடங்கிக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் காசுதான்.

வளர்ந்த பூஞ்சையிலிருந்து புரதத்தையும் கொழுப்பையும் பிரித்து எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது அதன் செல் சுவர், கொழகொழவென்ற கூழ். அதில்தான் விஷயம் இருக்கிறது. அந்தச் சுவரில் கைட்டின், கைட்டோசான் என்ற இரண்டு பொருள்கள் உண்டு. இறால் ஓட்டிலும் வண்டின் மேல் ஓட்டிலும் இருக்கும் அதே கைட்டின். இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்க வேண்டுமானால் கடுமையான காரத்தில் போட்டுக் காய்ச்ச வேண்டும். இந்தப் பூஞ்சையில் கைட்டோசான் இயற்கையாகவே உருவாகி இருக்கிறது.

அந்தக் கூழில் கொஞ்சம் லாக்டிக் அமிலம் சேர்க்கிறார்கள். நம் தயிரில் புளிப்பைக் கொடுப்பதும் இதே அமிலம்தான். கூழ் ஜெல்லி மாதிரி ஆகிறது. அதை மெல்லிய ஊசி வழியாக எத்தனால் நிரப்பிய தொட்டிக்குள் பிழிகிறார்கள். இடியாப்பம் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்ததும் அது இறுகி நூலாகிறது. இந்த நூல் சட்டைத் துணிக்கு ஆகுமா என்பது பிறகு. முதலில் அவர்கள் கண் வைத்திருப்பது மருத்துவத்தில்: தையல் நூல், காயத்தின் மேல் போடும் துணி போன்றவை. கைட்டோசானுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் குணம் உண்டு. இறால் ஓட்டுக் கைட்டோசானால் ஆன கட்டுத்துணிகள் ஏற்கெனவே ராணுவத்தில் பயன்பட்டிருக்கின்றன.

அடுத்தது தோல். பூஞ்சைக் கூழை நீரில் கலந்து, கைக்காகிதம் செய்வது போல வடிகட்டித் தாளாக்கிக் காய வைக்கிறார்கள். அப்படியே விட்டால் மொடமொடவென்று உடையும். அதனால் மரத்திலிருந்து எடுத்த டானின் கொண்டு பதப்படுத்தி, கிளிசரின் சேர்த்து மென்மையாக்குகிறார்கள். பல தாள்களை அடுக்கினால் வலுவும் கூடுகிறது. 2022 மார்ச்சில் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் ஜமானி இந்த நூலையும் தோலையும் பற்றி அறிவித்தார்.

மரப்பட்டை டானின் என்றதும் உங்களில் சிலருக்கு ஆவாரம்பட்டை நினைவுக்கு வந்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் பக்கத்து உறவினர்கள் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆவாரம்பட்டை, கொன்னைப்பட்டை, கடுக்காய் வைத்துத் தோல் பதனிட்ட ஊர் நம்முடையது. பிறகு குரோமியம் வந்தது. வேலை சுலபமானது, பாலாறு கெட்டது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. தொடுத்தது நம்மைப் போன்ற ஒரு நலச் சங்கம் என்பதை இந்தக் கூட்டத்தில் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை.

பூரோஸ் கணக்கில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. நூலுக்கும் தோலுக்கும் செல் சுவர் போனது. பிரித்தெடுத்த புரதத்தைத் தீவனமாக்கலாம். ஒரு துணைப் பொருளிலிருந்து புறப்பட்ட வேலையில் மறுபடியும் ஒரு துணைப் பொருள். அதே ஆய்வகத்தில் நியூரோஸ்போரா என்ற வேறொரு பூஞ்சையைப் பழைய பிரெட்டில் வளர்த்து, புரதம் கூடிய மனித உணவாக்கியும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த நியூரோஸ்போரா ஆய்வகத்தில் பிறந்தது இல்லை. மேற்கு ஜாவாவில் ஓஞ்சோம் என்று ஓர் உணவு உண்டு. டோஃபு செய்தபின் மிஞ்சும் சோயாச் சக்கையில் இந்தப் பூஞ்சையை வளர்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பூத்து வரும். அது சிவப்பு ஓஞ்சோம். கடலைப் பிண்ணாக்கில் ரைசோபஸை வளர்த்தால் கறுப்பு ஓஞ்சோம். நாம் மாட்டுக்கு வைக்கும் அதே கடலைப் பிண்ணாக்கை அங்கே புளிக்க வைத்து, பொரித்து, மனிதர்கள் சாப்பிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய தொழில்நுட்பம் அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தயவுசெய்து யாரும் வீட்டுக்குப் போய் பழைய பிரெட்டில் பூசணம் வளர்த்துப் பார்க்காதீர்கள். எல்லாப் பூஞ்சையும் ஒன்றல்ல. 1960-இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சையின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பெயரை உலகம் கேட்டது அப்படித்தான். அது மனிதனின் ஈரலுக்கு எதிரி. ஜாவாவிலேயே தேங்காய்ச் சக்கையில் டெம்பே செய்யப்போய், வேண்டாத பாக்டீரியா புகுந்து நஞ்சை உண்டாக்கி, பலர் இறந்திருக்கிறார்கள். அதற்கு அரசு தடை போட்டது. பிரெட்டில் ஓர் ஓரத்தில் பூசணம் தெரிந்தால் அந்த ஓரத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடும் வழக்கம் வேண்டாம். இழைகள் உள்ளே ஓடியிருக்கும். முழுத் துண்டும் குப்பைக்குத்தான்.

இன்னொரு எச்சரிக்கை, பணம் சம்பந்தப்பட்டது. ஆய்வகத்தில் வந்த பொருளெல்லாம் கடைக்கு வந்துவிடாது. அமெரிக்காவில் போல்ட் த்ரெட்ஸ் என்ற நிறுவனம் மைலோ என்ற பெயரில் பூஞ்சைத் தோலைக் கொண்டு வந்தது. அடிடாஸ் மாதிரி பெரிய பெயர்களெல்லாம் கூடச் சேர்ந்தன. 2023-இல் போதிய முதலீடு கிடைக்காமல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பொருள் நன்றாக இருந்தாலும் பெரிய அளவில், கட்டுப்படியாகும் விலையில் செய்வது வேறு வேலை. ஆகவே "பூஞ்சைத் தோல் கம்பெனியில் பணம் போடுங்கள், இரண்டு வருடத்தில் இரட்டிப்பு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தயவுசெய்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இனி நம் வளாகத்துக்கு வருகிறேன்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஓட்டலிலோ கடையிலோ இல்லை, வீடுகளில். தலைக்கு ஆண்டுக்கு 79 கிலோ. நம் வளாகத்தில் 120 வீடு. வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்தால் 480 பேர். உலக சராசரிப்படி பெருக்கினால் 37,920 கிலோ. ஏறக்குறைய 38 டன். நாம் அதில் பாதிதான் என்று சொன்னால்கூட 19 டன். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது, வேஸ்ட்டா, துணைப் பொருளா?

பூரோஸில் அந்தப் பூஞ்சை ஏன் ஒழுங்காக வளர்ந்தது? உள்ளே போனது பிரெட் மட்டும்தான் என்பதால். அதில் ஒரு பால் கவர், ஒரு பேட்டரி, ஒரு டயப்பர் கலந்திருந்தால் அந்த ஆராய்ச்சியே இல்லை. அந்த ஊர் மக்கள் வீட்டுக் குப்பையையும் பல ஆண்டுகளாகப் பிரித்தே கொடுக்கிறார்கள். உணவுக் கழிவு கறுப்புப் பையில், மற்றது வெள்ளைப் பையில். இயந்திரம் நிறத்தைப் பார்த்துப் பிரித்தது. உணவுக் கழிவிலிருந்து வந்த வாயுவில் ஊர்ப் பேருந்து ஓடியிருக்கிறது. இயந்திரமும் விஞ்ஞானியும் பிறகுதான். முதல் வேலை வீட்டு அம்மாவும் ஐயாவும் செய்வது.

நம்மிடம் நிறம் பார்க்கும் இயந்திரம் இல்லை. காலையில் வரும் தூய்மைப் பணியாளர் அம்மாவின் கைதான் இருக்கிறது. நாம் கலந்து கட்டிய மூட்டையை அவர் அவிழ்த்து, சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவிலிருந்து உடைந்த பாட்டில் துண்டையும், பேப்பரில் சுற்றாமல் போட்ட நாப்கினையும் எடுக்கிறார். போன மாதம் அவர் விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்ததைப் பலரும் பார்த்தோம். பிரிப்பதை நிறுத்தினால் வேலை நின்றுபோகாது. நம் கையிலிருந்து அவர் கைக்குப் போகும்.

2016-லேயே வந்த திடக்கழிவு விதிகள் ஈரம், உலர், அபாயக் கழிவு என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. அதை உறுதி செய்யும் பொறுப்பைக் குடியிருப்புச் சங்கங்களிடமும் ஒப்படைத்திருந்தன. ஆகவே சட்டப்படியும் நமக்கு வேறு வழியில்லை.

நான் முன்வைப்பது மூன்றே விஷயம். ஒன்று, ஈரக்குப்பை வாளியில் பிளாஸ்டிக் கவர் போடக் கூடாது. பழைய செய்தித்தாளை மடித்துப் போட்டால் போதும். இரண்டு, தேங்காய் ஓடும் மட்டையும் தனியே ஒரு சாக்கில். அவை தொட்டியில் மக்க மாதக்கணக்காகும், ஆனால் வெளியே வாங்குவோர் உண்டு. மூன்று, நாப்கின், டயப்பர், உடைந்த கண்ணாடி இவற்றைத் தனியே சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி. இவ்வளவுக்கும் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் ஆகும். பொதுக்குழுவில் என் ஓட்டு பிரிப்பதைத் தொடர்வதற்கு. உங்கள் ஓட்டையும் அதற்கே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்விகளும் பதில்களும்

பி பிளாக் உறுப்பினர்: சார், மீந்த பிரெட், சாதமெல்லாம் தெரு மாட்டுக்குப் போட்டால் புண்ணியம்தானே?

பதில்: நல்ல நிலையில் இருந்தால், கொஞ்சமாகப் போடலாம். நிறைய மாவுச்சத்து ஒரே நேரத்தில் உள்ளே போனால் மாட்டின் வயிற்றில் அமிலம் கூடிப் படுத்துவிடும். பூசணம் பிடித்ததைப் போடவே கூடாது. அஃப்ளாடாக்சின் தீவனத்திலிருந்து பாலுக்கு வரும். அந்தப் பால் நம் வீட்டுக்குத்தான் வரும். கவரோடு போடுவது புண்ணியக் கணக்கில் சேராது.

சி பிளாக் உறுப்பினர்: நாம் பிரித்துக் கொடுத்தாலும் லாரியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்களே, எதற்கு இந்தச் சிரமம்?

பதில்: நியாயமான கோபம், மேடம். நம் ஈரக்குப்பை லாரிக்குப் போவதில்லை, பின்னால் உள்ள தொட்டிக்குத்தான் போகிறது. அதனால் நம் உழைப்பில் பெரும்பகுதி வளாகத்துக்குள்ளேயே பலன் தருகிறது. உலர் குப்பையை அவர்கள் கலந்தால், தேதி, நேரம் குறித்துப் படம் எடுத்துச் செயலாளரிடம் கொடுங்கள். பத்துப் புகார் சேர்ந்ததும் சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரே கடிதமாக அனுப்புவோம். அந்தக் கடிதத்தை நான் எழுதித் தருகிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவி: தாத்தா, அந்தப் பூஞ்சைத் தோல் சைவமா?

பதில்: பூஞ்சை விலங்கும் இல்லை, செடியும் இல்லை, தனி ராஜ்யம். மாடு கொல்லப்படவில்லை என்பதால் சைவம் என்றே நான் சொல்வேன். உன் அறிவியல் டீச்சரிடமும் ஒரு முறை கேட்டு, அடுத்த கூட்டத்தில் எனக்குச் சொல்லும்மா.